ஒரு ரானாவும் பாதி வீடும்

ஸ்ரனிஸ்லாஸ் அன்று விடியவே சவரம் எடுத்து, கோயில் திருநாளுக்கு மட்டும் போடுகிற வெள்ளை லோங்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்தொரு வருடம் கொழும்புத் துறைமுகத்தில் கிறேன் ஓட்டிய மனிதர். உயரத்தில் இருந்து பழகியதாலோ என்னவோ, ஓய்வு பெற்ற பிறகும் தலை நிமிர்ந்துதான் நடப்பார். அன்று இன்னும் இரண்டு அங்குலம் கூடுதலாக நிமிர்ந்திருந்தது.

இருக்காதா பின்னே? ஹேந்தளை வீட்டை அவர் பெயருக்கு எழுதுகிற நாள் அது.

கிழமை தவறாமல் கூடவே வருகிற உங்களுக்கு அந்த வீட்டைத் தெரியும். இன்றைக்குத்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்காக மட்டும் சொல்லிவிடுகிறேன். களனி ஆற்றுக்கு அப்பால், நாற்பது தென்னையும் ஒரு கிணறும் கோழிக்கூடும் பன்றிக்கூட்டு வரிசையும் உள்ள பழைய பண்ணை வீடு. கட்டியவர் ஸ்ரனிஸ்லாஸின் தகப்பன் கொன்ஸ்ரன்ரைன். அவருக்குப் பிறகு பாதி மகனுக்கு, பாதி மகளுக்கு. மகளும் கண்ணை மூடிவிட, அவள் பாதி அவளுடைய மகன் கிளறன்ஸிடம் வந்து சேர்ந்தது.

கிளறன்ஸ் நல்ல பிள்ளை. தன் பாதியை மாமாவுக்கே தருவதாகச் சொல்லி, எழுத்து முடியுமுன்பே சாவியையும் கொடுத்துவிட்டான். கூரையில் பாதி ஓடு மாறியாயிற்று. பன்றிக்கூடு இருந்த இடத்தில் படம் கீறுகிற அறை ஒன்று வரவேண்டும் என்று றோஸி பிளானே போட்டுவிட்டாள். றோஸி ஸ்ரனிஸ்லாஸின் மகள். இருபத்தாறு வயது, ஹெவ்லொக் டவுனில் கட்டட வரைபடம் கீறுகிற வேலை.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். கிளறன்ஸ் அன்று மாலையே ஓமானுக்கு ஏறுகிறான். இரண்டு வருட ஒப்பந்தம். அவன் மனைவி வீட்டாரோ, வெளியாளுக்குக் கொடுத்தால் இடித்துவிட்டு மாடி கட்டுவார்கள், நல்ல விலை வரும் என்று அவன் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறார்கள். அன்று கையெழுத்து விழாவிட்டால் அந்த வீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

"இஞ்சேருங்கோ, வீடு எழுதுறது எழுதுங்கோ. ஆனா நான் கொட்டாஞ்சேனையை விட்டு அசையமாட்டன்" என்றாள் பிறிஜெற், கோப்பியை மேசையில் வைத்தபடி.

"ஏனப்பா, அங்க காத்து வருது, கிணத்துத் தண்ணி..."

"என்ர பிள்ளையின்ர காயிதம் இந்த அட்ரஸ்சுக்குத்தான் வரும். நான் இல்லாத நேரம் வந்திட்டால்?"

அவர் கோப்பியை எடுத்து ஆற்றத் தொடங்கினார். மகன் வலன்ரைன் பிரான்சுக்குப் போய் இரண்டு வருடம். அதுவரை ஒரு கூட்டாளியின் பேர் போட்ட விலாசத்தில் இருந்தவன், நாலு மாதத்துக்கு முன் புது இடத்துக்கு மாறிவிட்டதாக ஒரு காயிதம் போட்டான், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இவர்கள் அந்தப் புது விலாசத்துக்கு எழுதிய மூன்றும் திரும்பி வந்துவிட்டன. 'இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை' என்று பிரெஞ்சில் முத்திரை குத்தியிருக்கிறார்களாம். றோஸியின் மேலதிகாரி வாசித்துச் சொன்னார். அன்றிலிருந்து பிறிஜெற் தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்தபடியே இருக்கிறாள்.

புறக்கோட்டையில் பஸ் மாறி, காலி வீதியில் பாதி வழி போவதற்குள் சோதனைச் சாவடி வந்தது. எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பையைத் திறந்தபடி, பாதிப் பேர் அடையாள அட்டையை நீட்டியபடி. ஸ்ரனிஸ்லாஸும் நீட்டினார். ஆமிக்காரப் பையன் அட்டையிலிருந்த சிங்கள எழுத்தைக் கூட்டி வாசித்தான்.

"சி...ர...னிஸ்லாஸ்?"

"ஒவ், மாத்தயா" என்றார், சிரித்த முகத்தோடு.

கவனித்தீர்களா? அவன் கூப்பிட்டது அவர் பெயரையே அல்ல. ஆனாலும் மனிதர் 'ஓம்' என்றார். பதினாலு வருடமாக ஒவ்வொரு சாவடியிலும் அப்படித்தான். பொலிசுக்குக் கொடுக்கிற வீட்டாள் பட்டியலையும் வேறு யாரையும் தொடவிடாமல் தானே எழுதித் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். ஏன் என்று பிறிஜெற்றும் கேட்டதில்லை, றோஸியும் கேட்டதில்லை. அன்று பத்தரை மணிக்கு வெள்ளவத்தையில், வீடு காணிக்குப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு சவுந்தரநாயகம் கேட்டுவிட்டார்.

கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது அவருடைய கந்தோர். றோஸி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கிளறன்ஸ் சூட்கேசோடு வந்திருந்தான். உறுதிப் பத்திரம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. சவுந்தரநாயகம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கி இன்னொருமுறை பார்த்தார்.

"இது உங்கட காட்தானோ?"

"ஓம் சேர்."

"இதில சிரனிஸ்லாஸ் எண்டெல்லோ கிடக்கு!"

றோஸி எட்டிப் பார்த்தாள். மாதா படத்தோடு சேர்த்துப் பிளாஸ்ரிக் உறைக்குள் அப்பா வைத்திருக்கிற அட்டை. பெற்ற தகப்பனின் அடையாள அட்டையை யார் எடுத்து வாசிக்கப்போகிறார்கள்? அவளும் அன்றுதான் முதன்முதலாக வாசித்தாள். சிங்களத்தில் தெளிவாக, அழுத்தமாக, சிரனிஸ்லாஸ்.

"சின்னப் பிழை சேர்" என்றார் அப்பா.

"சின்னப் பிழையோ? பழைய உறுதியில பாதி வீடு ஆருக்கு? ஸ்ரனிஸ்லாஸுக்கு. ஞானஸ்நானச் சான்றிதழிலையும் அதுதான். காட்டில இருக்கிறது சிரனிஸ்லாஸ். இந்தக் காட்டில இருக்கிறவர் கிளறன்ஸின்ர பாதியை வாங்கலாம். மற்றப் பாதி இஞ்ச இல்லாத இன்னொரு மனுசனுக்குச் சொந்தம். கடதாசியில நீங்கள் ரெண்டு பேர்."

கிளறன்ஸ் மணிக்கூட்டைப் பார்த்தான். "மாமா, மூண்டு மணிக்கு நான் கட்டுநாயக்கா எயர்போட்டில நிக்கோணும். என்ர பாதியை றோஸியின்ர பேரில எழுதுவமே? அவவின்ர காட் சரிதானே."

"அதுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் நொத்தாரிசு. "ஆனா இவரின்ர பாதி அந்தரத்தில தொங்கும்."

ஸ்ரனிஸ்லாஸ் நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்குப் பிறகு எல்லாம் அவளுக்குத்தான். அதில பேச்சில்லை. ஆனா என்ர அப்பர் அந்த மண்ணில பண்டி வளத்துத்தான் எங்களைப் படிப்பிச்சவர். ஊர் பண்டிக்காரன் எண்டு சொல்லும். அவர் 'ஓம், பண்டிக்காரன்தான், என்ர மகனின்ர சேட்டில ஊத்தை இருக்கோ பாருங்கோ' எண்டு கேப்பார். அவற்ற காணியில நான் இருக்குமட்டும் என்ர பேர் நிக்கோணும்."

சவுந்தரநாயகம் கிளாக்கரைக் கூப்பிட்டு, தட்டச்சில் புதுத் தாள் ஏற்றச் சொன்னார்.

"சரி. இருவரும் ஒருவரே எண்டு ஒரு சத்தியக் கடதாசி முடிப்பம். சமாதான நீதவான் ஒருத்தர் கையெழுத்து வைச்சால் போதும். ஆனா பிழை எப்பிடி வந்தது எண்டு அதில எழுதோணும். எப்பிடி வந்தது?"

"அது... கந்தோர்க் கிளாக்கரின்ர பிழை."

"அவர் எதைப் பாத்து எழுதினவர்? ஃபோம் இங்கிலீசிலயோ?"

"தமிழ்ல."

"அப்ப விளங்குது!" சவுந்தரநாயகம் மேசையில் தட்டினார். "ஸானாவுக்குப் பக்கத்தில ரானா போட்டால் நாங்கள் 'ஸ்ட' எண்டுதான் வாசிப்பம். யாழ்ப்பாணத்திலையும் அப்பிடி, கொட்டாஞ்சேனையிலையும் அப்பிடி. அது அந்தக் கிளாக்கருக்குத் தெரியுமே? ரானாவை ரானாவாவே வாசிச்சிட்டார். சரி, ஃபோமை நிரப்பினது ஆர்?"

ஸ்ரனிஸ்லாஸ் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆரோ ஒரு பெடியன்... பேர் ஞாபகம் இல்லை சேர்."

"நான்" என்றாள் றோஸி.

எல்லோரும் திரும்பினார்கள்.

அவளுக்கு எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்த வாடகை வீட்டைக் கொளுத்தினார்கள். உடுப்போடு உடுப்பாக அம்மாவின் அட்டையும் அப்பாவின் அட்டையும் சாம்பலாகின. அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயது றோஸி, வகுப்பிலேயே நல்ல கையெழுத்து என்று பரிசு வாங்கியவள், 'நான் நிரப்புறன் அப்பா' என்று பேனையைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதி முடித்ததும், அப்பா அந்த ஃபோமை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார்.

"அப்பா... பதினாலு வருசமா இதைக் கொண்டு திரிஞ்சிருக்கிறீங்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே. என்ர பிழையால இண்டைக்கு வீடே போகப் பாத்துதே" என்றாள்.

"ஆர் சொன்னது பிழையெண்டு?"

அவர் அதட்டிய அதட்டில் கிளாக்கரின் தட்டச்சு நின்றது.

"நீ பிழையா எழுதேல்லை. அவன் பிழையா வாசிச்சவன். அந்தக் காட் வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும். திருத்தப் போனால் நீ எழுதின ஃபோமை எடுத்து மேசையில போட்டு, இது ஆற்ற கிறுக்கல் எண்டு கேப்பாங்கள். என்ர பிள்ளையின்ர எழுத்தைப் பற்றி அப்பிடிக் கேக்க விடுவனோ? பேர்தானே, வைச்சுக்கொள்ளட்டும் எண்டு விட்டிட்டன்."

றோஸிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் துடைக்கவும் இல்லை. கிளறன்ஸ்கூட மணிக்கூட்டைப் பார்ப்பதை மறந்துவிட்டான்.

சவுந்தரநாயகம் ஒரு பேனையை அவள் பக்கம் நகர்த்தினார். "பிள்ளை, எழுதினவ நீர் எண்டால் சத்தியம் பண்ணவும் நீர்தான் சரியான ஆள். ஒரு வெள்ளைத் தாளில அந்தப் பேரை அண்டைக்கு எழுதின மாதிரியே எழுதும். சேர்த்துக் கட்டுவம்."

றோஸி எழுதினாள். இப்போதும் ஒரு வெட்டுக்கொத்து இல்லை.

சமாதான நீதவான் தியாகராசா இருந்தது பாமன்கடையில். ஓய்வுபெற்ற தபாலதிபர். த்ரீவீலரில் பத்து நிமிடம். ஆனால் மனிதரிடம் போனபிறகுதான் நேரம் ஓடியது. ஒரு கடதாசியையும் முழுதாக வாசிக்காமல் கையெழுத்து வைக்காதவர் அவர். ஒவ்வொரு வரியாக, ஒவ்வொரு காற்புள்ளியாக வாசித்தார். வெளியே த்ரீவீலரில் கிளறன்ஸ் சூட்கேசின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மணி பன்னிரண்டே கால்.

கடைசியில் றோஸி எழுதிய தாளைக் கையில் எடுத்தார்.

"ரானா" என்றார்.

"ஓம் ஐயா" என்றாள் றோஸி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"முப்பத்தெட்டு வருசம் தபால் கந்தோரில இருந்தனான். இந்த ரானாவாலையும் றானாவாலையும் எத்தினை காயிதம் ஆளைக் காணாமல் திரும்பி வந்திருக்குத் தெரியுமோ? ஆள் அங்கதான் இருப்பான். பேர்தான் வேற எழுத்தில இருக்கும்."

சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினார். றோஸிக்கு இருந்த அவசரத்தில் அந்தப் பேச்சு ஒரு காதால் நுழைந்து மறு காதால் போய்விட்டது. நீங்கள் மறந்துவிடாதீர்கள்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் உறுதியில் கையெழுத்துகள் விழுந்தன. முதலில் கிளறன்ஸ். பிறகு ஸ்ரனிஸ்லாஸ், ஒவ்வொரு எழுத்தாக, ஆறுதலாக. பிறகு சாட்சிகள் இருவர். 'ஸ்ரனிஸ்லாஸ் என்றும் சிரனிஸ்லாஸ் என்றும் அழைக்கப்படுபவர்' என்று உறுதியில் தெளிவாக இருந்தது.

"காட்டைத் திருத்த விண்ணப்பம் ஒண்டு எழுதித் தரட்டோ?" என்று கேட்டார் சவுந்தரநாயகம். "பிறகு அந்த ரெண்டாம் பேர் தேவைப்படாது."

"வேண்டாம் சேர். ஒண்டு அப்பர் வைச்ச பேர். ஒண்டு மகள் வைச்ச பேர். ரெண்டும் கிடக்கட்டும்."

கிளறன்ஸ் மாமாவைக் கட்டிப்பிடித்தான். "திரும்பி வரேக்கை எனக்கு அங்க ஒரு கட்டில் போட்டு வையுங்கோ" என்றான். த்ரீவீலர் காலி வீதியில் திரும்பி மறையும்வரை அப்பாவும் மகளும் ஒழுங்கை முகப்பில் நின்றார்கள்.

நாலு மணிக்கு அவர்கள் ஹேந்தளையில் இருந்தார்கள். ஓட்டுக் கூரையின் பாதி புதுச் சிவப்பு, பாதி பழைய கறுப்பு. வீட்டைத் திருத்துகிற மேசன் சிறிபால பாஸ் வாசல் தூணுக்குச் சீமெந்து பூசி முடித்து, மட்டப்பலகையால் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்ரனிஸ்லாஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஈரத் தூணைக் காட்டினார்.

"நமக் தானவாத, மாத்தயா? பேர் ஒண்டு போடுறதா? காய முந்திப் போடணும்."

ஸ்ரனிஸ்லாஸ் படலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொழும்பில் தமிழ் வீடுகள் பல, வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதை விட்டு வருடம் பதினைந்தாகிறது. வாசலைப் பார்த்து இது யார் வீடு என்று தெரிந்துகொண்டு வந்தவர்களை அவர் ஒருமுறை கண்டிருக்கிறார். றோஸி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுவம்" என்றார். "றோஸி, ஒரு ஆணி எடு. தமிழ்ல எழுது. அதே மாதிரி, ஒரு வெட்டுக்கொத்தும் இல்லாமல்."

சிறிபால பாஸ் ஆணியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். றோஸி முட்டுக்காலில் இருந்து எழுதத் தொடங்கினாள். ஸ்ரனிஸ்லாஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிமிடத்தில் துறைமுகத்துக் கிறேன் முழுவதையும் கொண்டுவந்து வைத்திருந்தாலும் அவர் உயரம் வந்திருக்காது.

கடைசி எழுத்து முடியும்போது படலைக்கு வெளியே த்ரீவீலர் ஒன்று நின்றது. இறங்கியவள் பிறிஜெற். கையில் சோற்றுப் பார்சல்கள். றோஸி பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணிக் கதை முழுவதையும் சொல்லியிருந்தாள்; கேட்டபிறகு மனுஷிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

"நான் இருக்க வரேல்லை. பாத்திட்டுப் போக வந்தனான்" என்று முதலிலேயே சொல்லிவைத்தாள். தூணைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "குசினி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். ஸ்ரனிஸ்லாஸ் மகளைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் கண்ணைச் சிமிட்டினார்.

பிறகு பிறிஜெற் சட்டைக்குள்ளிருந்த சின்னப் பேர்ஸை எடுத்தாள். அதற்குள்ளிருந்து நாலாக மடித்த பொலித்தீன். அதற்குள் அவளுடைய அட்டை.

"கொப்பருக்கு மட்டும்தான் பேர் வைச்சனி எண்டு நினைச்சியோ? என்ரையையும் வாசி."

றோஸி வாசித்தாள். "பிரிஜெர்."

"ஓம், பிரிஜெர். ஏதோ ரேடியோவுக்கு வைச்ச பேர் மாதிரி. கேக்கிற ஆமிக்காரனெல்லாம் சிரிக்கிறான்."

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. பாஸுக்கு விஷயம் விளங்காவிட்டாலும் அவரும் சேர்ந்து சிரித்தார். ஸ்ரனிஸ்லாஸ் தூணைப் பிடிக்கப் போய், ஈரச் சீமெந்து ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார்.

"எழுது, பிள்ளை. என்ர பேரையும் அதுக்குக் கீழ எழுது" என்றாள் பிறிஜெற்.

றோஸி ஆணியைத் தூணில் வைத்தாள். 'பிறிஜெற்' என்று எழுதினாள். கடைசி றானாவுக்குப் புள்ளி குத்தியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

தபாலதிபர் காதுக்குள் வந்து நின்றார். ஆள் அங்கதான் இருப்பான். பேர்தான் வேற எழுத்தில இருக்கும்.

"என்னடி?" என்றாள் அம்மா.

"அம்மா, தம்பிக்குப் பதினாறு வயசில ஐடென்டிக்காட்டுக்கு ஃபோம் நிரப்பினது ஆர்?"

"நீதானே. வேற ஆர்?"

"அதைப் பாத்துத்தானே பாஸ்போட்டும் எடுத்தவன்?"

பிறிஜெற்றின் கையிலிருந்த சோற்றுப் பார்சல் மெல்லச் சரிந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அதைப் பிடித்துக்கொண்டார். 'வலன்ரைன்'. அதன் நடுவில் அந்த ரானா; பாஸ்போட்டில், அதனால் பிரான்சில் அவன் வாசல் பெட்டியிலும், அது 'ட' இல்லாமல் ரானாவாகவே இருக்கும். மூன்று காயிதத்திலும் உறையில் அவர்கள் எழுதியது அவனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை, அழகான ஆங்கிலத்தில்.

றோஸி ஆணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். இரண்டு கையிலும் சீமெந்து. அந்தக் கையாலேயே அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நாளைக்குக் காலமை இன்னொரு காயிதம் போடுவம். உறையில தம்பியின்ர பேரை நான் எழுதுறன். பிழையா வாசிச்சவன் எப்பிடி வாசிச்சானோ, அப்பிடியே."

பிறிஜெற் தூணில் இருந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை கூட்டி வாசித்தாள்.

"சரி" என்றாள். "அனுப்பினவரின்ர விலாசம் எண்டு பின்னுக்கு எழுதுவாய் எல்லோ, அதில இந்த வீட்டை எழுது."